முப்பத்தாறு இடுப்பு

ஜொகூருக்கு வந்த புதிதில் மலாய் மொழி தெரியாதது எனக்குப் பெரிய சங்கடமாக இல்லை. என் சொந்த உடம்பின் அளவு எனக்கே தெரியாமல் போனதுதான் சங்கடம். திருச்சியில் நான் எல்லோரையும் போல எல் சைஸ். இங்கே ஸ்கூடாயில், எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் வாரம் ஒரு நாள் சாயங்காலம் போடும் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு சீன அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கம்பியில் தொங்கியதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். மேசைக்கு அடியில் கிடந்த மூட்டையைப் பிரித்து, நான்கு எக்ஸ் போட்ட சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கையே நுழையவில்லை. அடுத்த வாரம் வேறொரு கடையில் எம் என்று சீட்டு ஒட்டிய கால்சட்டை, எனக்கே தொளதொளவென்று நின்றது. சரிதான், இந்த நாட்டில் சைஸ் என்பது கடைக்காரர் வாய்க்கு வந்த எண் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஊரில் உடம்பை அளந்து துணியை வெட்டுவார்கள். இங்கே துணியை முதலில் தைத்துவிட்டு, அதற்கு ஏற்ற உடம்பைத் தேடுகிறார்கள்.

என் முடிவுக்குச் சாட்சி சொல்லவும் ஆள் கிடைத்தது. தாமான் கடைவரிசையில் துணிக்கடை வைத்திருக்கும் லெட்சுமி அக்கா. யோங் பெங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம் அவருடையது. மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், "அண்ணனுக்கு சிலுவார் பாக்குறீங்களாக்கா?" என்று கேட்டார். என் காதில் சல்வார் என்று விழுந்தது. "அவர் எதுக்குங்க அதெல்லாம் போடணும்?" என்று முறைத்தேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அலமாக்! சிலுவார்னா நீங்க சொல்ற பேண்ட் லா!" அன்றிலிருந்து சிநேகிதம். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடமும் அதே கடையில்தான். "நம்பரப் பாக்காதீங்கக்கா. இது சைனா சரக்கு, அது பங்ளா சரக்கு. ஒவ்வொன்னுக்கும் ஒவ்வொரு சைஸ். போட்டுப் பாருங்க, புடிச்சா எடுங்க. நம்பர் சும்மா லா." இதை நான் மறைபோல் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சேகர், செனாய் பக்கம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இவருக்கு என்ன வாங்குவது, இவர் என்ன சாப்பிட்டார் என்பதுதான் என் உலகம். இவருடைய இடுப்பு முப்பத்தாறு. அதில் இவருக்கு ஒரு திமிரே உண்டு. "கல்யாணத்தப்ப என்ன சைஸோ அதே சைஸ்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். கல்யாணத்தின்போது முப்பத்திரண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் மனிதர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் பெருமையைப் பெண்டாட்டி எதற்குக் கெடுக்க வேண்டும்?

போன வருடம் அந்த முப்பத்தாறு தொளதொளத்தது. துவைத்துத் துவைத்துத் துணி நீண்டுவிட்டது என்றேன். பெரிய கடைத்தொகுதி ஒன்றில் முப்பத்துநான்கு வாங்கினோம். மூன்று மாதம் போவதற்குள் அதையும் பெல்ட்டால் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. "இது வேற கம்பெனி, பெருசாத் தச்சிருக்கான்" என்றேன். லெட்சுமி அக்கா கடையில் முப்பத்திரண்டு வாங்கினோம். இவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் கேண்டீன் சாப்பாட்டைக் குறை சொன்னோம். முதுகு வலித்தால் இயந்திரத்துக்கு அடியில் குனிந்து வேலை பார்த்ததைக் காரணம் சொன்னோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. தொழிற்சாலையிலோ இவருக்கு மரியாதை கூடிப்போனது. சீன சூப்பர்வைசர் முதுகில் தட்டி, "வா, சேகர், ஸ்லிம் ஆல்ரெடி! ஜிம் போறியா?" என்று கேட்டாராம். இந்த நாட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பயம். இளைத்தவனைப் பார்த்தால் கைகுலுக்குவார்கள். இவரும் பூரித்துப்போய் வந்து என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.

சரி, ஊரிலாவது ஒருவர் எச்சரிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். எச்சரித்தார்கள். அதுதான் கொடுமை. "இளைச்சுட்டியேடா" என்று என் மாமியார் வாரா வாரம் போனில் சொன்னார். ஆனால் அவர் அதைப் பதினெட்டு வருடமாகச் சொல்கிறார். இவர் முதல் விடுப்பில் ஊருக்குப் போனபோது இங்கத்து நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் சேர்ந்து கன்னம் இரண்டும் உப்பிக் கிடந்தன. திருச்சி விமான நிலையத்தில் குனிந்து பெட்டியைத் தூக்கும்போது கால்சட்டைப் பொத்தான் தெறித்து ஓடியது. மாமியார் அந்தப் பொத்தானை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து, மகன் கன்னத்தைத் தடவி, "என்னப்பா இப்படி இளைச்சு ஓடாப் போயிட்ட" என்று அழுதார். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இளைத்தது அல்ல. உன்னைப் பார்க்காமல் தவித்தேன் என்று அர்த்தம். நீ என் கண்ணில் படாத இடத்தில் உனக்கு யார் சோறு போட்டார்கள் என்று அர்த்தம். அப்படியே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையைத் தேய்த்துவிட்டோம். அது கடைசியில் நிஜமானபோது யார் காதிலும் ஏறவில்லை. இங்கே இருப்பவர்கள் வாழ்த்தாகச் சொன்னார்கள், அங்கே இருப்பவர்கள் பாசமாகச் சொன்னார்கள். உண்மையாகச் சொல்ல இரண்டு நாட்டிலும் எங்களுக்கு ஆள் இல்லை.

முப்பத்திரண்டும் நழுவியபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கால்சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லெட்சுமி அக்கா கடைக்குச் சண்டைக்குப் போனேன். "முப்பத்தாறைத் தச்சு முப்பத்திரண்டுன்னு சீட்டு ஒட்டி வித்திருக்கீங்க" என்றேன். "நானா தைக்கிறேன்? வந்தத விக்கிறேன். வேணும்னா அளந்து பாருங்க" என்று அவரும் கோபமாகவே இஞ்ச் டேப்பை மேசை மேல் போட்டார். கால்சட்டையின் பொத்தானைப் போட்டு, மேசை மேல் விரித்து, இடுப்பை அளந்தேன். பதினாறு. இரண்டு மடங்கு முப்பத்திரண்டு. துணியை இழுத்துப் பிடித்து அளந்தேன், தளர்த்தி அளந்தேன். அது முப்பத்திரண்டாகவே இருந்தது. அந்த டேப்பையே விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு அளந்தேன். முப்பத்தாறு முப்பத்தாறாக இருந்தது. முப்பத்துநான்கு அரை இஞ்ச் கூடுதல், அவ்வளவுதான். இரவுச் சந்தைச் சட்டைகள் எப்படியோ போகட்டும், இவருடைய கால்சட்டைகள் எதுவும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. இவர் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல், "கையத் தூக்குங்க" என்று இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். முப்பதுக்கும் கீழே போனது. இவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். "டேப்பும் சைனாவா?" என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனோம்.

கிளினிக்கிலிருந்து ஜேபி நகரத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளம் பெண், இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது என்பதை ஆங்கிலத்திலும் தமிழிலுமாக, எங்களைவிடத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு, "வெயிட் இவ்வளவு எறங்கியிருக்கே, உங்களுக்குத் தெரியலியா ஆன்ட்டி?" என்று கேட்டார். "சிலுவார் சைஸ் சரியில்லைன்னு நெனச்சோம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, அதையே மெதுவாக மலாயில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். எந்த மொழியில் கேட்டாலும் என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது. இவர் என் கையைப் பிடித்து, "விடு" என்றார்.

அதன் பிறகு மருத்துவமனை மலாய் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இந்த நாட்டில் கணவனுக்கு 'சுவாமி' என்று பெயர். ஊரில் இதைச் சொன்னால் மாமியார் மகிழ்ந்துபோவார். ஒவ்வொரு முறையும் நர்ஸ் இவரைத் தராசில் ஏற்றுவார், "பெராட் துருன்" என்று சொல்லி எழுதிக்கொள்வார். பெராட் என்றால் எடை, துருன் என்றால் இறங்கிவிட்டது. இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்பதற்காகவே நாங்கள் அத்தனை தூரம் போய்வந்த மாதிரி இருந்தது. ஒரு முறை வாந்தி நிற்காமல் வார்டில் சேர்த்திருந்தார்கள். காலையில் புதிதாக ஒரு நர்ஸ், முகத்தில் நல்ல களையுள்ள மலாய்ப் பெண், ஏதோ பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "சுவாமி காக் நி டா பெராட்." காக் என்றால் அக்கா. டா என்றால் ஆகிவிட்டது. அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு எடை கூடிவிட்டது! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிமா காசே, தெரிமா காசே" என்று நன்றி சொன்னேன். அவர் ஏன் அப்படி மிரண்டு பார்த்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இவரிடம் ஓடிப்போய், "எடை ஏறியிருக்காம், நர்ஸ் சொன்னாங்க. டா பெராட்டாம்!" என்றேன். இவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அப்படியா, நல்லது" என்றார். பிறகு, "முரளி பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பேண்ட் வாங்கணும்" என்றார்.

முரளி இவருடைய தம்பி. லால்குடியில் இருக்கிறார். அவர் மகளுக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. ஒரே பெரியப்பா இவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அந்தப் பெண்ணின் படிப்பு, பிறந்தநாள், காது குத்து எல்லாவற்றையும் இங்கிருந்தே கொண்டாடியவர். மேடையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்றுவிட வேண்டும், வேறெதுவும் கேட்கவில்லை இந்த மனிதர். நான் சந்தோஷம் தாங்காமல் லெட்சுமி அக்காவிடம் போய் நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அப்படியேவா சொன்னாங்க? டா பெராட்டுன்னா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கதவருகே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். "அக்கா, ஆளுக்கு பெராட்டுன்னா... வெயிட்டு இல்லக்கா. முத்திப் போச்சுன்னு அர்த்தம்." ஒரே வார்த்தை. கனம் என்றும் ஆகும், கைமீறியது என்றும் ஆகும். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மலாய் தெரியாதவள் நான்தான். இவர் பதினெட்டு வருடம் மலாய்க்காரர்களோடு இயந்திரம் கழற்றி மாட்டியவர். நான் ஓடிப்போய்ச் சொன்ன உடனே இவருக்கு அர்த்தம் விளங்கியிருக்கிறது. விளங்கித்தான் நல்லது என்றிருக்கிறார். என் சந்தோஷத்தை ஒரு நாளாவது கெடுக்காமல் வைத்திருக்க நினைத்திருக்கிறார். நானும் வீட்டுக்குப் போய் எனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் பேண்ட்டை மட்டும் விடவில்லை. இரண்டு பேரும் அதையே பிடித்துத் தொங்கினோம். இப்போது நிஜமாகவே எந்தக் கடையின் எந்த எண்ணும் இவருக்குச் சரியாக இல்லை. முப்பதைப் பிடித்துத் தைத்து வாங்கி வருவதற்குள் இவர் அதிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். ஆண்கள் பகுதியில் அதற்குக் கீழே எண்ணே கிடையாது. கடைத்தொகுதியில் ஒரு விற்பனைப் பெண் இடுப்பளவைக் கேட்டுவிட்டு, "பள்ளிச் சீருடைப் பகுதி மேல் மாடி" என்று அன்பாக வழிகாட்டினாள், மகனுக்கு வாங்குகிறேன் என்று நினைத்து. போனேன், வாங்கினேன். இடுப்பு பொருந்தியது, கால் கெண்டையோடு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வெள்ளத்துல எறங்கப் போறவன் மாதிரி இருக்கேன்" என்றார். வேட்டி கட்டிக்கொண்டு போகலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். வேட்டிக்கும் ஒரு இடுப்பு வேண்டும். வீட்டில் கட்டும் கைலியே எலும்பின் மேல் நிற்காமல் வழுக்குகிறது, என் பாவாடை நாடாவைச் சுற்றிக் கட்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதுவும் போக, "பேண்ட் போட்டுப் போனவன், பேண்ட் போட்டுத்தான் வந்து எறங்கணும்" என்கிறார். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவனின் உடம்பைப் பார்த்துத்தான் அவன் வாழ்ந்தானா என்று நம் ஊர் முடிவு செய்யும். இவருக்கு அது தெரியும். விமானம் ஏறலாமா என்று டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். "பாக்கலாம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஊரில் யாரிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. வயிற்றில் புண், மருந்து சாப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். மாமியாரோடு வீடியோவில் பேசும்போது போனை இவர் முகத்துக்கு நெருக்கமாகப் பிடிப்பது என் வேலை. போன வாரம் என் கை வலித்துப் போன் சரிந்துவிட்டது. கழுத்தெலும்பு, தோள், கைலிக்கு மேலே ஒட்டிக் கிடக்கும் வயிறு, எல்லாமே தெரிந்துவிட்டது. நான் பதறிப்போய் நிமிர்த்துவதற்குள் அவர் பார்த்துவிட்டார். பிறகு மாமியார் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் சதை போட்ட மாதிரி தெரியுதுடா தம்பி" என்றார். இவரும் குரல் பிசகாமல், "ஆமாம்மா, இங்க சாப்பாடு நல்லா இருக்கு" என்றார். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாமியார் அதே வார்த்தையைத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து முரளி உற்சாகமாகக் கூப்பிட்டார். "அண்ணி, அண்ணன் தேறிட்டாராம்ல, அம்மா சொன்னாங்க! ரிசப்ஷனுக்கு வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே துணியில பேண்ட் தைக்கக் குடுக்குறோம். அண்ணனுக்கும் சேத்துத் தச்சு வச்சிடுறேன். இடுப்பு எவ்ளோ?" இவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். சொல்லாதே என்றும் இல்லை, சொல் என்றும் இல்லை, சும்மா பார்த்தார். என் வாயில் வேறு எண்ணே வரவில்லை. "முப்பத்தாறு" என்றேன்.

நேற்று வாட்ஸப்பில் படம் வந்தது. லால்குடி வீட்டு அறைக் கதவில், மடிப்புக் கலையாமல் தேய்த்த கரும்பழுப்புப் பேண்ட் ஒன்று தொங்குகிறது. மாறிப்போகாமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டுச்சீட்டைக் குத்தி, 'பெரியப்பா' என்று எழுதியிருக்கிறாள் கல்யாணப் பெண். இவர் போனை வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தையலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், இடுப்புப் பட்டியை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத் தச்சிருக்கான்" என்றார். பிறகு, "ஆனா ரெண்டு விரல் சேத்து விட்டிருக்கலாம். கல்யாணச் சாப்பாடு ஆச்சே" என்றார்.

"சொல்லிடுறேன்" என்றேன். இவர் கண் முன்னாலேயே முரளிக்கு எழுதி அனுப்பினேன்: 'அண்ணன் பேண்ட்டுல இடுப்பு இன்னும் ரெண்டு விரல் லூஸ் விடச் சொல்லுங்க.' பிறகு போனை வைத்துவிட்டு, இவரைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தி, கைலி நழுவாமல் இருக்க நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.